அழுகளத்தின் உறவுகள்

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை வட்டத்திலுள்ள கூவாகம் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் சித்திரையில் 18 நாள் நடைபெறும் கூத்தாண்டவர் திருவிழா, தமிழ்நாட்டுத் திருநங்கையரின், அதாவது பிறப்பில் ஆண் என்று பதியப்பட்டுப் பெண்ணாகத் தம்மை உணர்ந்து வாழ்பவர்களின், திருமணப் பெருநாளாகவே நாளிதழ்களாலும் தொலைக்காட்சிகளாலும் அறிமுகப்படுத்தப்பட்டு வருகிறது. பட்டுப்புடவையும் மல்லிகைச் சரமும் தாலி கட்டும் இரவும் விழுப்புரத்தில் நடக்கும் அழகிப் போட்டியும் பக்கம் பக்கமாகப் படமாகின்றன. மறுநாள் காலையில் பந்தலடி என்னும் இடத்தில் எழும் அழுகையோ, செய்தியின் கடைசியில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. இவ்விழாவோடும், அங்கு வந்து கூடுவோரின் வீடுகளோடும் நெடுங்காலம் பழகியவர்களின் நினைவில் இந்த வரிசை தலைகீழாகவே பதிந்திருக்கிறது. திருமணம் அழகாக இருந்தது என்று அவர்கள் சொல்வார்கள். ஆனால் யார் யாருக்காக அழுதோம் என்பதைத்தான் ஆண்டு தவறாமல் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த அழுகையின் பொருளை அறிந்துகொள்ள வேண்டுமானால், விழாக் களத்திலிருந்து விலகி, ஆண்டின் மற்ற நாட்களில் திருநங்கையர் தமக்குள் கட்டிக்காக்கும் உறவுமுறைகளுக்குள்ளும் அவற்றுக்குரிய சடங்குகளுக்குள்ளும் சென்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அரவானின் கதை தமிழ் மண்ணில் தனி வடிவம் பெற்றது. வியாச பாரதத்தில், அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த இராவான், எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படும் ஒரு வீரன் மட்டுமே. போர் தொடங்குமுன் காளிக்குத் தன்னையே பலியாகத் தரும் களப்பலிச் செய்தி, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலும் பின்னர் வில்லிபுத்தூராரின் பாரதத்திலும் இடம்பெற்று, தெருக்கூத்தில் ‘அரவான் களப்பலி’ என்னும் தனிக்கூத்தாகவே வளர்ந்தது. எல்லா இலக்கணங்களும் பொருந்திய ஆண்மகன் ஒருவனைப் பலியிட வேண்டும் என்றபோது, பாண்டவர் பக்கத்தில் கண்ணன், அருச்சுனன், அரவான் ஆகிய மூவரே தகுதியுடையோராய் இருந்தனர் என்றும், மற்ற இருவரும் போருக்கு இன்றியமையாதவர்கள் ஆதலால் பலி அரவான்மேல் விழுந்தது என்றும், சாகுமுன் ஓர் இரவாவது மணவாழ்வு வேண்டும் என்று அவன் கேட்டபோது, பொழுது விடிந்தால் தாலியறுக்க வேண்டிய அந்த மணத்துக்கு எந்த வீட்டாரும் பெண் கொடுக்க முன்வராததால் கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான் என்றும் கூவாகத்து மக்கள் கூறுகின்றனர். இந்த மணக்கதை மேற்சொன்ன காப்பியங்களில் இல்லை. கூத்தாண்டவர் வழிபாடு நிலவும் ஊர்களின் வாய்மொழி மரபில் வேர்விட்டு நிற்கிறது. கதையைக் கேட்போர் பெரும்பாலும் மோகினியின் அழகிலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்கு அடுத்த காலை, அந்த மோகினி தலைமயிரை விரித்துப்போட்டு மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள் என்பதுதான் திருநங்கையர் தமக்குரியதாக எடுத்துக்கொண்ட பகுதி. கடவுளே கைம்பெண்ணாகி அழுத ஒரு கதை, அழுவதற்கு உரிமை மறுக்கப்பட்டவர்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை எளிதில் அளவிட முடியாது.

கூத்தாண்டவர் திருநங்கையருக்கு மட்டும் உரிய தெய்வம் என்னும் எண்ணம் பரவலாக இருந்தாலும் அது சரியன்று. சாகை வார்த்தல் எனப்படும் கூழ் வார்ப்போடு தொடங்கும் இவ்விழா, சுற்றுவட்டார வேளாண் குடிகளின் ஊர்த்திருவிழா. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம், சிதம்பரத்தை அடுத்த கொத்தட்டை, புதுச்சேரியின் பிள்ளையார்குப்பம் முதலிய ஊர்களிலும் கூத்தாண்டவருக்கு விழா எடுக்கப்படுகிறது. கூவாகத்தில் தெய்வத்தின் உடல் ஆண்டுதோறும் புதிதாகக் கூட்டப்படுகிறது. நத்தம், தொட்டி, கீரிமேடு முதலிய அண்டை ஊர்களிலிருந்து அங்கங்களும் அணிகளும் வந்து சேர, வைக்கோல் சுற்றிய சட்டகத்தின்மேல் மாலைகள் அடுக்கப்பட்டு, பெரிய மீசையும் அகன்ற விழிகளும் கொண்ட மரத்தலை உச்சியில் ஏறுகிறது. பல ஊர்கள் தத்தம் பங்கைக் கொண்டுவந்து சேர்த்தாலன்றி முழுமை பெறாத உடல் அது. நேர்ந்துகொண்ட உள்ளூர் ஆண்களும், தந்தையின் தோளில் அமர்ந்து வரும் சிறுவர்களும்கூட அன்று தாலி கட்டிக்கொள்கிறார்கள் என்பதும், பலிக்குப் பின் படைக்கப்படும் சோற்றைப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி வாங்குகிறார்கள் என்பதும் வெளியூர்ச் செய்தியாளர்களின் கண்ணில் அதிகம் படாதவை. திருநங்கையரைத் தெருவில் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும் குடும்பங்கள், அந்த ஒரு நாளில் அவர்களோடு தோளுரச வரிசையில் நின்று ஒரே பூசாரியின் கையால் ஒரே மஞ்சள் கயிற்றைப் பெற்றுக்கொள்வதை ஒரு சிறிய செய்தியாகக் கருதிவிட முடியாது.

இக்கட்டுரையாளர் முதன்முதலாகக் கூவாகம் சென்ற காலத்தில் அவ்வூர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. இரவு முழுவதும் கற்பூரக் குவியல்களைச் சுற்றிக் கும்மியடித்த கூட்டம் விடியற்காலையில் களைத்துப்போய் வயல்வரப்புகளிலும் வேன்களின் நிழலிலும் சாய்ந்திருந்ததும், தேர் நிலையை விட்டு அசைந்ததும் அத்தனை பேரும் ஒருசேர எழுந்து ஓடியதும், தேர் பந்தலடியை நெருங்க நெருங்க அரவானின் மாலைகள் ஒவ்வொன்றாக உருவப்பட்டு, முந்தைய நாள் மாப்பிள்ளையாய் நின்ற உடல் கண்ணெதிரே மெலிந்து வைக்கோலாய்த் தெரியத் தொடங்கியதும் நினைவில் அழியாமல் இருக்கின்றன. பந்தலடியில் பூசாரிகள் வரிசையாக நின்று, எதிரே வந்து குந்திய ஒவ்வொருவரின் இரு கைகளையும் சேர்த்துப் பிடித்து வளையல்களை உடைத்தார்கள், பூவைப் பிய்த்தார்கள், பிறகு கழுத்துக் கயிற்றுக்குள் விரலை விட்டு இழுத்து அரிவாள் முனையால் அறுத்தார்கள். முந்தைய நாளின் மஞ்சளும் இரவின் வியர்வையும் ஊறிய அந்தக் கயிறு பலருக்கு ஒரே வெட்டில் அறுபடவில்லை. கழுத்தில் அது பதித்த ஈரமான மஞ்சள் கோடு, வெள்ளைப் புடவை உடுத்திய பின்னும் சற்று நேரம் தெரிந்துகொண்டிருந்தது.

அங்கே மூத்த திருநங்கை ஒருவர், முழங்கை வரை அடுக்கியிருந்த கண்ணாடி வளையல்கள் நொறுங்கிய பின் மண்ணில் கால் நீட்டி அமர்ந்து ஒப்பாரி வைத்தார். முதலில் அரவானின் பெயர் வந்தது. அவனுடைய அகன்ற தோளும் அரும்பு மீசையும் பாடப்பட்டன. பின்னர் அப்பாட்டுக்குள் வேறு பெயர்கள் நுழைந்தன. அவை அவர் வளர்த்த பிள்ளைகளின் பெயர்கள் என்பது சுற்றியிருந்தோரின் மாரடிப்பிலிருந்து விளங்கியது. ஒருத்தி எய்ட்ஸ் நோயில் போனவள், ஒருத்தி விடுதி அறையில் தூக்கில் தொங்கியவள், இன்னொருத்தி ரயிலடியில் கிடந்து அடையாளம் தெரியாத ஆண் பிணம் என்று எழுதப்பட்டவள். ஒவ்வொரு பெயருக்கும் அருகிலிருந்தவர்கள் ‘என் கண்ணே’ என்று குரல் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் எவருக்கும் முறையான எழவு வீடு வாய்த்திருக்கவில்லை. அரவானுக்கான ஒப்பாரிதான் அவர்கள் அனைவருக்குமான ஒப்பாரியாக அங்கே விரிந்தது என்பதை உணர்ந்தபோது, இவ்விழாவை ஓரிரவு மணவிழா என்று மட்டும் எழுதுவது எவ்வளவு பெரிய அநீதி என்பது புலப்பட்டது. பெருந்தொற்றின் காரணமாக 2020ஆம் ஆண்டில் விழா நின்றுபோனபோது, அவ்வாண்டு இறந்தவர்களுக்காக ஊரறிய அழும் இடமும் இல்லாமற்போனது.

அம்மூதாட்டி ‘பிள்ளைகள்’ என்று பாடியது உவமையாக அன்று. வீட்டைவிட்டு விரட்டப்பட்டோ தாமாகவோ வெளியேறும் இளம் திருநங்கை ஒருவர், மூத்தவர் ஒருவரைக் குருவாக ஏற்று அவருக்குச் சேலா, அதாவது சீடராகவும் மகளாகவும், ஆகிறார். இது தெற்காசியா முழுவதும் பரவியுள்ள ஹிஜ்ரா சமூக அமைப்பின் அடிப்படை. தமிழ்நாட்டிலிருந்து மும்பைக்கும் தில்லிக்கும் ரயிலேறிப்போன பல தலைமுறைத் திருநங்கையர் அம்முறையையும் அதற்குரிய சொற்களையும் கொண்டுவந்து இங்குள்ள வழக்கங்களோடு கலந்தார்கள். சமூகத்தின் மூத்தோர் கூடும் ஜமாத் என்னும் அவையில் பணமும் புடவையும் வெற்றிலைப் பாக்கும் வைத்து, இன்னார் மகள் இன்னார் என்று அறிவிக்கும் நிகழ்வு ‘ரீத்து’ எனப்படும். அதன் பிறகு குருவின் குரு பாட்டியாகிறார். அதே குருவின் மற்றச் சேலாக்கள் ‘குருபாய்’ என்னும் உடன்பிறப்புகளாகிறார்கள். சேலாவின் சேலா ‘நாத்தி’ என்னும் பேத்தியாகிறார். மூத்தவரைக் கண்டதும் ‘பாவ்படுத்தி’ என்று சொல்லிப் பணிவதும், அவர் வாழ்த்துவதும் இந்த உறவின் அன்றாட வெளிப்பாடு. புதிதாக வந்த பெண், அந்த ஒரு சொல்லைச் சொல்லப் பழகிய நாளிலிருந்து, முன்பின் அறியாத ஊரிலும் தனக்கொரு வீடு உண்டு என்னும் உறுதியைப் பெறுகிறாள். பிறந்த குடும்பம் கைவிட்டதைச் சரிக்கட்ட ஏதோ ஒன்று அமைந்தது என்று இதைக் கருதுவோர் உண்டு. இவ்வமைப்பின் விரிவையும் பழமையையும் பார்க்கும்போது, அது குறையை நிரப்ப வந்த ஒட்டு என்பதைவிடத் தனக்கெனச் சட்டதிட்டமும் வாரிசு முறையும் கொண்ட ஒரு முழு உறவுமுறை என்று கொள்வதே பொருந்தும்.

இவ்வுறவின் ஆழத்தை முழுமையாகக் காட்டுவது ‘நிர்வாணம்’ என்று திருநங்கையர் அழைக்கும் பால்மாற்று அறுவைக்குப் பிந்தைய 40 நாள் காலம். முன்பு ‘தாயம்மா’ எனப்பட்ட மூத்த திருநங்கையர், மருந்தும் மயக்கமும் இன்றி, தெய்வத்தின் பெயரைச் சொல்லிக் கத்தியால் செய்துவந்த இந்த அறுவை, பின்னர் தனியார் மருத்துவர்களிடமும், அதன்பின் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றியும் நடைபெறத் தொடங்கிவிட்டது. ஆயினும் அந்த 40 நாள் நோன்பு பல வீடுகளில் மாறாமல் தொடர்கிறது. அந்நாட்களில் ஆண்முகம் பார்க்கலாகாது, கண்ணாடி பார்க்கலாகாது, தலைவாரக் கூடாது, பாலும் பழமும் கூடாது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ (2007), அ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ (2011) ஆகிய தன்வரலாறுகள் அறுவையின் வலியையும் அதையொட்டிய வாழ்வையும் உள்ளிருந்தே பதிவு செய்துள்ளன.

வடசென்னையில் ஒரு வீட்டில் அந்நோன்பின் இறுதி நாட்களை அருகிலிருந்து காணும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிடைத்தது. ஓடு வேய்ந்த ஒற்றை அறை, மூலையில் பாய், பாயருகே ஓர் அலுமினியச் சட்டியில் எந்நேரமும் வெந்நீர். குருவானவர் பகலெல்லாம் கடைகடையாகச் சென்று காசு கேட்டு வருபவர். சமூகத்தில் இதைக் ‘கடை கேட்பது’ என்பார்கள். வீடு திரும்பியதும் முகம்கூடக் கழுவாமல் முதலில் மகளின் புண்ணைப் பார்ப்பார். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சூட்டைத் தம் முன்கையில் ஒற்றிப் பார்த்துப் பின்பே அவள்மேல் வைப்பார். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் தாளாமல் அவள் கத்துவாள். குரு அவளுடைய இரு தோள்களையும் பிடித்துக்கொண்டு, அவள் திட்டும் வசவுகளையெல்லாம் வாங்கிக்கொண்டு, முடியும் வரை அருகிலேயே குந்தியிருப்பார். இரவில் குருபாய்கள் முறைவைத்துக் கண்விழித்தார்கள். அவ்வீட்டில் பெரிய அன்புமொழிகள் எவையும் பேசப்பட்டதாக நினைவில்லை. கடுங்காப்பியில் சர்க்கரை போதவில்லை என்ற சண்டைதான் அதிகம் கேட்டது. நெருக்கம் என்று எழுத்தாளர்கள் பெரும்பாலும் காமத்தையே குறிக்கும் காலத்தில், ஒருவரின் உடலை அதன் மிக இழிந்ததாகக் கருதப்படும் நிலையில் முகம் சுளிக்காமல் தொட்டுத் துடைக்கும் அந்தக் கைகளை முதலில் நினைவுகூர்வதே முறை.

நாற்பதாம் நாள் இரவு அவளுக்கு மஞ்சள் அரைத்துப் பூசி, மருதாணி இட்டு, பச்சைப் புடவை உடுத்தினார்கள். சேவல்மேல் அமர்ந்த அன்னையின் படத்துக்கு முன் விளக்கேற்றினார்கள். குசராத்தின் பெச்சராஜியில் கோயில் கொண்டுள்ள பகுசரா மாதாவே அந்த அன்னை. விடியுமுன் தலையில் பால்குடத்தை ஏற்றிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார்கள். அவள் கடலுக்கு முதுகு காட்டி நின்று, திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் பின்னோக்கிச் சாய்த்துப் பாலை அலையில் விட்டாள். அதன் பிறகே முகம் பார்க்கும் கண்ணாடி அவள் கைக்கு வந்தது. அவள் நெடுநேரம் பார்த்தாள். பின்னால் நின்ற குரு, ‘என்ன, உங்க அம்மா ஜாடைதானே’ என்று கேட்டார். அவர் குறிப்பிட்டது பெற்ற தாயையா, தம்மையா என்று யாரும் கேட்கவில்லை.

இவ்வுறவுகளோடு ஒப்பிடுகையில், ‘பந்தி’ என்று சமூக வழக்கில் அழைக்கப்படும் ஆண் காதலருடனான உறவு பெரும்பாலும் நிலையற்றதாகவே இருந்துவருகிறது. பல ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர் வீட்டார் பார்த்த பெண்ணை மணந்துகொண்டு போவதும், அந்தத் திருமணத்துக்கான பணத்தைத் திருநங்கையே சேர்த்துக் கொடுப்பதும் அரிய நிகழ்வுகள் அல்ல. கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்வோரில் சிலர் அரவானின் பெயரால் அதைக் கட்டிக்கொண்டாலும் மனத்தில் வேறொருவரை வைத்திருப்பார்கள் என்பதை எல்லாரும் அறிவர். இவ்வுலக ஆண்கள் தர மறுத்த தாலியைத் தெய்வம் மறுக்காமல் தருகிறது. அறுக்கும்போதும் ஊரறிய அறுக்கிறது. கைவிடப்பட்டவள் தன் அறையில் மறைந்து அழ வேண்டியதைக் களத்தில் தலைவிரித்து அழுது தீர்க்க முடிகிறது.

ஜமாத் அமைப்பில் குறைகள் இல்லையென்று சொல்வது உண்மைக்குப் புறம்பாகும். சேலாவின் வருவாயில் பெரும்பங்கைக் குரு எடுத்துக்கொள்வதும், குருவை மாற்ற விரும்பினால் கடன்போல் ஒரு தொகை விதிக்கப்படுவதும், சொற்பிழைக்கும் உடைப்பிழைக்கும் தண்டம் கட்ட வைப்பதும் பல பெண்களின் வாழ்வைக் கசப்பாக்கியுள்ளன. அவ்வமைப்பை விட்டு வெளியேறிப் படித்து, வேலை தேடி, எழுதி, நாடகம் நடித்து வாழும் திருநங்கையர் வைக்கும் கண்டனங்கள் நியாயமானவை. அவற்றைக் கேளாமல் குருமுறையைப் போற்றுவது கண்மூடித்தனம். பெண்ணென்று பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பியருக்கு இத்தகைய வீடு, சடங்கு, வாரிசு முறை எதுவும் மரபாக அமையவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டியது. ஆண்களை விரும்பும் ஆண்களும் பெண்களை விரும்பும் பெண்களும் நகரங்களில் நண்பர் குழுக்களையே குடும்பமாக்கிக்கொண்டார்கள். 2009 சூன் இறுதியில் சென்னைக் கடற்கரையில் முதன்முதலாக நடந்த வானவில் பேரணி அவர்களில் பலருக்கு முதல் திருவிழாவாக அமைந்தது.

குரு இறந்தால் சேலா வெள்ளை உடுத்தி, வளையலைக் களைந்து, கைம்பெண்ணைப் போலவே துக்கம் காப்பது ஹிஜ்ரா மரபு. நாற்பதாம் நாளில் பிற வீட்டாரை அழைத்து விருந்தளித்த பிறகே துக்கம் கழியும். பந்தலடியில் அரவானுக்காகச் செய்யப்படுவது இங்கே வளர்த்த தாய்க்காகச் செய்யப்படுகிறது. ஆனால் இச்சடங்கு நடக்க வேண்டுமானால் முதலில் உடல் கைக்கு வர வேண்டும். மேலே சொன்ன வடசென்னை வீட்டின் குரு சில ஆண்டுகளுக்குப் பின் சிறுநீரகம் பழுதுபட்டு ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது வார்டில் இரவு பகலாக இருந்தவள் அந்தப் பச்சைப் புடவைக்காரிதான். அவள் அருகிருந்து வெந்நீர் ஒற்றியதையும், மலம் அள்ளியதையும், கையைப் பிடித்துக்கொண்டிருந்ததையும் பணியாளர்கள் அனைவரும் பார்த்தார்கள். கையொப்பம் இட வேண்டிய நேரம் வந்தபோது, ‘நீங்க யார், என்ன உறவு?’ என்று கேட்டார்கள். மகள் என்றாள். படிவத்தில் அதற்கு இடமில்லை என்று கூறப்பட்டது. முப்பது ஆண்டுகளாகப் பேசாதிருந்த அண்ணன் மகன் தொலைபேசியில் வரவழைக்கப்பட்டு, வந்து, கையொப்பமிட்டு, இறந்தபின் உடலையும் வாங்கிக்கொண்டு போனார். குருவின் கூந்தலை வெட்டி, வேட்டி கட்டி, பள்ளிக்கூடச் சான்றிதழில் இருந்த பெயரால் எரித்தார்கள் என்ற செய்தி மறுநாள்தான் வீட்டுக்கு வந்தது. அவ்வாண்டு சித்திரையில் பந்தலடியில் அவள் அழுத அழுகையை அரவானுக்கானது என்று எந்தப் படக்காரரும் எழுதியிருக்கக்கூடும்.

இந்தப் பறிப்புக்குச் சட்டத்தில் ஒரு பழைய வேர் உண்டு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம், தன் இரண்டாம் பகுதியில், வட இந்திய மாகாணங்களில் ஹிஜ்ராக்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்க வகை செய்ததோடு, அவ்வாறு பதியப்பட்டவர் சிறுவருக்குக் காப்பாளராகவோ, கொடை எழுதவோ, உயில் எழுதவோ, மகனைத் தத்தெடுக்கவோ முடியாது என்றும் விதித்தது. பெண்ணுடையையும் ஆட்டத்தையும் தடுத்ததே அச்சட்டத்தைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. உண்மையில் அதன் கூரிய வெட்டு குருவுக்கும் சேலாவுக்கும் இடையிலான வாரிசுக் கயிற்றின்மேல் விழுந்தது. அச்சட்டம் மறைந்துவிட்டது. ஆனால் 2020 சனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019, குடும்பம் என்பதற்குத் தந்த வரையறையில், இரத்தத்தாலோ திருமணத்தாலோ சட்டப்படியான தத்தாலோ உறவுடையவர்களை மட்டுமே அடக்கியது. ரீத்து அதில் இல்லை. நாற்பது நாள் வெந்நீர் அதில் இல்லை. பெற்றோரால் பேண இயலாத திருநரை நீதிமன்றம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பலாம் என்ற அச்சட்டத்தில், குருவின் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நீதிமன்றங்கள் சில வாசல்களைத் திறந்திருக்கின்றன என்பதையும் மறைக்கலாகாது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய நால்சா தீர்ப்பு, திருநர் தம் பாலினத்தைத் தாமே வரையறுத்துக்கொள்ளும் உரிமையை ஏற்றபோது அரவான் கதையையும் எடுத்துரைத்தது. தூத்துக்குடிக் கோயிலொன்றில் 2018இல் நடந்த திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்பது திருநங்கையையும் குறிக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஒருபாலினத் திருமணத்தை ஏற்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்த மறுமாதமே, சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சேர்ந்து வாழ்வோர் தம் உறவைப் பதிந்துகொள்ளக் ‘குடும்பப் பிணைப்பு ஆவணம்’ என்னும் வழியை ஆராயுமாறு தமிழ்நாட்டு அரசுக்குப் பரிந்துரைத்தார். திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்றும், தேர்ந்துகொண்ட குடும்பம் என்னும் கருத்து நிலைபெற்ற ஒன்று என்றும் 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று கூறியது. 2024இல் மத்திய நலவாழ்வுத் துறை மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், நெருங்கிய உறவினர் கிடைக்காதபோது இணையர் உடலைப் பெறலாம் என்றது. உறவினர் கிடைக்காதபோது என்னும் அந்த நிபந்தனையால்தான் வடசென்னைக் குருவைப் போன்றவர்கள் இழக்கப்படுகிறார்கள். அண்ணன் மகன் எப்படியும் கிடைத்துவிடுகிறார்.

இவை யாவும் இணையரையே, அதாவது இருவர் கொண்ட உறவையே, நினைவில் வைத்துச் சொல்லப்பட்டவை. திருநங்கையர் சமூகம் நூற்றாண்டுகளாகக் காத்துவரும் தாய்மகள் உறவு இன்னும் சட்டத்தின் கண்ணில் படவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 22,364 பேர் ஆண், பெண் என்னும் இரண்டுக்கும் வெளியே பதிவாகியிருக்கிறார்கள். அவர்களுள் முதுமையை எட்டும் பலருக்கும் கடைசி நேரத்தில் அருகிலிருக்கப்போவது சேலாவே. 2008இல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கையர் நலவாரியம் அமைத்த மாநிலத்துக்கு இந்தத் தாய்மகள் உறவைச் சட்டத்தில் ஏற்பது இயலாத காரியமன்று. குடும்பப் பிணைப்பு ஆவணத்துக்கு விதி வகுக்கும்போது குருவும் சேலாவும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும். உயிரோடிருக்கும்போது ஒருவர் எழுதிக் கொடுத்த பெயருக்கே மருத்துவமனைக் கையொப்பமும் உடலைப் பெறும் உரிமையும், இரத்த உறவினர் வந்து நின்றாலும், முதலில் சேர வேண்டும். அதற்கு நலவாரியமும் நலவாழ்வுத் துறையும் சேர்ந்து வெளியிடும் ஓர் அரசாணை போதும்.